இல்லாத டாங்கிக்கு ஒரு நடுவர்

அல்வர்ஸ்டன் ஊரில் லியோனி ஹார்ட்னெட்டிடம் எதையாவது நீட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்கிறவர்கள் குறைவு. நல்லா இருந்தால் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

பார்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஊருக்கு வெளியே இருக்கும் உருளைக்கிழங்குத் தொழிற்சாலையில், வறுவலுக்காக நீளநீளமாக நறுக்கிய துண்டுகள் ஓடிவரும் பட்டையருகே நின்று, கறுப்புப் புள்ளி விழுந்ததை மட்டும் பொறுக்கி எறிகிற வேலை. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தவள். இப்போது அந்த வேலையை இயந்திரக் கண் ஒன்று பார்க்கிறது. அந்தக் கண் தவறவிட்டதைப் பிடிக்க லியோனியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் டாங்கி. நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பிளாஸ்டிக் பாகங்களாக டப்பாவில் அடைத்து விற்கிறார்களே, அதை வாங்கி ஒட்டி வண்ணம் பூசுவாள். கையகலப் பொருளுக்கு அரை வருஷம் எடுத்துக்கொள்வாள். மேஜையில் எப்போதும் புகைப்படங்கள் இருக்கும். போர்னியோவில் சேற்றில் நின்ற ஒரு மட்டில்டா டாங்கியின் படத்தில் மண்வெட்டி இடப்பக்கம் கட்டியிருந்தால் அவள் மாடலிலும் இடப்பக்கம்தான். படத்தில் தெரியாத பக்கத்துக்கு வேறொரு படம் கிடைக்கும் வரை அந்தப் பக்கத்தைத் தொட மாட்டாள். வடமேற்குக் கரை மாடல் கிளப்பில் டாங்கி வகைக்கு அவள்தான் நடுவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு யாரையும் உட்கார வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

இந்தப் பழக்கம் ஆரம்பித்த கதை வீட்டில் யாருக்கும் நினைவில்லை, அவளுக்கு மட்டும் நினைவிருக்கிறது. தம்பி டேரிலின் பிறந்தநாளுக்கு அப்பா ஒரு டாங்கி டப்பா வாங்கி வந்தார். இரண்டு சக்கரம் ஒட்டியதும் அவனுக்கு அலுத்துவிட்டது, பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மீதி அத்தனையையும் ஒட்டியவள் லியோனி. அப்பா அதை டெலிவிஷன் மேல் வைத்து, வந்தவர்களிடமெல்லாம், "எங்க டேரில் பண்ணினது" என்றார். டேரிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் பொய் சொல்லவில்லை. யாரும் அவனைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டேரில் அப்படித்தான். எதையும் பாதியில் விடுவான், அதற்கும் ஊர் அவனைக் கொஞ்சும். மேற்குக் கரைச் சுரங்கத்துக்கு மெக்கானிக்காகப் போனான், கல்யாணம் பண்ணினான், அதையும் பாதியில் விட்டான். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், "கொஞ்ச நாள்தான்" என்று லியோனி வீட்டு உள்ளறைக்கு வந்து சேர்ந்தான். வந்த ஒரு மாதத்துக்குள் பேக்கரிக்காரி அவனுக்கு மட்டும் ஸ்காலப் சிப்பிக்கறியை மாவுக்குள் அடைத்துச் சுடுகிற 'பை' பலகாரத்தில் ஒரு கரண்டி கறி கூடுதலாக வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் அவனுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தார். அத்தனை வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவள் லியோனி, அவளுக்கு ஒரு மீன்முள்ளும் வந்ததில்லை. அவளுடைய நாய் அவள் காலடியிலிருந்து எழுந்து போய் அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

கிளப்பு ஒன்றுதான் மிச்சம். அங்கே மட்டும் அவனைக் கூட்டிப் போகக் கூடாது என்று தீர்மானமாக இருந்தாள். அவன் கேட்டபோதெல்லாம், "உனக்கு அலுத்துடும்" என்று சொல்லிவிடுவாள்.

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா."

காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும்தான் டேரிலுக்கு அவள் அக்கா. மற்ற நேரமெல்லாம் லீ.

"என்ன வேணும், சொல்லு."

"அந்தச் சின்னச் சின்ன டிராயர்ல எல்லாம் என்ன வச்சிருக்க?"

"மிச்சம்."

"எதோட மிச்சம்?"

"ஒவ்வொரு டப்பாவுலயும் ரெண்டு மூணு விதமா பண்றதுக்குப் பாகம் போட்டிருப்பான். நான் பண்ற வண்டிக்கு வேணாதது மிஞ்சும்."

"அப்ப அது உனக்கு வேணாம்."

"வேணாம்னு நான் சொல்லல. மிச்சம்னு சொன்னேன்."

"சரி, அந்த மிச்சத்துல கொஞ்சம் கொடேன். டிவில எத்தனை நேரம்தான் கிரிக்கெட் பாக்கறது, அதுவும் நம்ம ஆளுங்க தோக்கறத?"

கொடுத்தாள். எதைக் கொடுத்தாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தூண்டில் சாமான் பெட்டியைப் போல அடுக்கடுக்காக இருந்த அந்த டிராயர்களில் நல்லவை எது, உதவாதவை எது என்று அவளுக்குத் தெரியும். ஒரு கிரான்ட் டாங்கியின் அடிப்பாகத்தை எடுத்தாள், மேல்பாகம் வேறு மாடலுக்குப் போய்விட்டதால் மொட்டையாகக் கிடந்தது. மட்டில்டா டாங்கியின் சுழலும் தலை ஒன்று இருந்தது, அவளே தப்பாக அறுத்துக் கெடுத்தது. சக்கரக் கூட்டங்கள் ஐந்து ஒரே ரகம், ஆறாவது வேறு ரகம். ஒரு குட்டைப் பீரங்கிக் குழல். எதுவும் எதோடும் சேராது. இரண்டு நாளில் மேஜையைக் காலி பண்ணிவிடுவான் என்று கணக்குப் போட்டாள்.

அவன் காலி பண்ணவில்லை.

கெட்டுப்போன தலையை நடுவே இரண்டாக அறுத்து, இடையில் ஒரு பட்டை பிளாஸ்டிக் தகட்டை வைத்து அகலப்படுத்தினான். மொட்டை அடிப்பாகத்தின் மேல் தகட்டை வெட்டி வெட்டி ஒரு மேல்பாகம் கட்டினான், தட்டையாக, நாய் படுத்திருக்கிற மாதிரி. ஒட்டின இடத்தில் அப்பிய புட்டிப் பசையை ஊசியால் கீறி வெல்டிங் தழும்பு போட்டான். லியோனி தன் மேஜையிலிருந்து கழுத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன டாங்கி?" கடைசியில் கேட்டுவிட்டாள்.

"நாப்பத்தஞ்சுல உலகச் சண்டை முடிஞ்சுதுல்ல? முடியலன்னு வச்சுக்க. இன்னும் ஒரு வருஷம் ஓடுது. அமெரிக்காவுலேந்து கப்பல் வரல. காட்டுல மேல ஏறிப் போகப் பெரிய குண்டு போடற டாங்கி வேணும். கையில இருக்கறது பழைய கிரான்டும் உடைஞ்ச மட்டில்டாவும். ஒரு ரயில்வே பட்டறையில கொண்டுபோய்த் தள்ளி, எதையாவது பண்ணிக் கொடுங்கடான்னு சொல்றாங்க. அவனுங்க இதைப் பண்ணிக் கொடுக்கறானுங்க."

"ஃபோட்டோ இருக்கா?"

"இல்லாத டாங்கிக்கு எவன் ஃபோட்டோ எடுப்பான்?"

"அப்ப எது சரி, எது தப்புன்னு யார் சொல்றது?"

"நீதான் சொல்லணும்" என்றான், தகட்டைத் தேய்த்துக்கொண்டே. "வேற யாரு சொல்வா?"

அவள் தன் மாடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அடுத்த வாரம் அவன் பேக்கரிக்குப் போயிருந்தபோது கிட்டே போய்ப் பார்த்தாள். அங்கேதான் அவளுக்கு முதல் குத்து விழுந்தது. புதிதாகக் கட்டிய கனமான தகடு ஒவ்வொன்றின் மேலும் செப்புக் கம்பியை வளைத்துச் சின்ன வளையங்கள் வைத்திருந்தான். பின்பக்கத்து இன்ஜின் மூடியில் போல்ட்டுகள் ஒரே இடைவெளியில் இல்லை, மூலையில் இருந்தவை உள்ளே தள்ளியிருந்தன.

திரும்பி வந்தவனிடம் வளையத்தைக் காட்டினாள். "இது எதுக்கு?"

"அந்தத் தகடு நெஜத்துல ஒரு டன் இருக்கும், லீ. மேயரா வந்து தூக்கி வைப்பாரு? கிரேன் கொக்கி மாட்ட இடம் வேணாம்?"

"போல்ட்டு?"

"மூலையில வச்சா ஸ்பேனர் சுத்தாது. சுவரு இடிக்கும். சுரங்கத்துல அப்படி ஒரு வண்டி இருந்துது, அதை டிசைன் பண்ணவன் கையில கிடைச்சா..." மீதியைச் சொல்லாமல் கையிலிருந்த பை பலகாரத்தைக் கடித்தான்.

 இத்தனை வருஷத்தில் தன் மாடல் ஒன்றிலாவது ஸ்பேனர் சுற்றுமா என்று அவள் யோசித்ததில்லை. படத்தில் போல்ட்டு எங்கே இருந்ததோ அங்கே வைத்தாள். அது ஏன் அங்கே இருந்தது என்று அந்தப் போல்ட்டை அவள் கேட்கவில்லை. இவன் படமே இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, ஒரு பை தின்றுகொண்டே, அதை அறிந்துவைத்திருக்கிறான். டப்பா வாங்கிய காசு அவளுடையது, மிச்சம் பிடித்துவைத்தது அவள், கெட்டதைக்கூடத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது அவள். உயிர் மட்டும் அவன் கையில் வந்தது.

அதற்குப் பிறகு அவன் தப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தாள். தலையை மூடி ஒட்டுவதற்கு முன்னால், பீரங்கிக் குழல் தொங்கிப் போகாமல் இருக்க உள்ளே முட்டுக் கொடுக்க அவனுக்கு ஏதோ வேண்டியிருந்தது. சமையலறை மேடையில் கிடந்த பிரெட் கவரின் வாயைக் கவ்வுகிற கிளிப்பை, அந்த நீலப் பிளாஸ்டிக் துண்டை எடுத்து, பாதியாக நறுக்கி உள்ளே ஒட்டினான்.

"அசிங்கம்" என்றாள்.

"உள்ளதான இருக்கு. எவன் எட்டிப் பாக்கப் போறான்?" தலையை மூடி ஒட்டினான். ஊதினான். "லீ, உங்க கிளப்பு ஷோவுல இதுக்கு இடம் இருக்குமா? 'இருந்திருந்தால்'னு, இல்லாத வண்டிகளுக்குப் புதுசா ஒரு வகை வச்சிருக்காங்களாமே."

"பேரு கொடுக்கறது முடிஞ்சுடுச்சு. போன வெள்ளிக்கிழமையோட."

முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் இருந்தது. வாயிலிருந்து வந்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. டேரில் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனான்.

ஜூன் மாத நீண்ட வாரயிறுதியில் ஷோ. புல்தரையில் பந்து உருட்டுகிறவர்களின் பௌல்ஸ் கிளப் ஹாலில் மேஜைகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, தேநீருக்கு வெந்நீர் டிரம்மை ஒரு மூலையில் வைத்தாயிற்று; வெளியே கூரையடியில் லயன்ஸ் கிளப்காரர்கள் வெங்காயம் வதக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன்னால் நடுவர்கள் பார்த்து முடிக்க வேண்டும். நடுவர் என்றால் கையில் ஒரு பேனா டார்ச்சும் பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடியும் இருக்கும். மாடலைத் தூக்கக் கூடாது. அடியில் கண்ணாடியை நுழைத்துப் பார்க்கலாம். டார்ச்சுக்குத் தெரியாதது இல்லாதது மாதிரிதான். எண் மட்டும்தான் தெரியும், பேர் மடித்து அடியில் இருக்கும். தன்னுடையதோ தன் வீட்டு ஆளுடையதோ வந்துவிட்டால் மேஜைத்துணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். யார் என்ன என்று கேட்க மாட்டார்கள். இந்தக் கடைசி வழக்கத்தைக் கண்டிப்பாக நடத்துகிறவள் லியோனிதான்.

டாங்கி வகையை அவள் காலையிலேயே முடித்துவிட்டாள். அடுத்து 'இருந்திருந்தால்' மேஜை. அவளோடு இன்னும் இரண்டு பேர். நெவ் கூம்ப், படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கப்பல் மாடல்காரர். ஹென்க், டச்சுக்காரர், தோட்டத்தில் டூலிப் போடுகிறவர், விமானம் தவிர வேறெதையும் தொடாதவர். புது வகைக்கு நடுவராக ஆள் கிடைக்காமல் இருவரையும் இழுத்து வந்திருந்தார்கள்.

நாற்பத்தொன்றாம் எண் அட்டைக்குப் பின்னால் அந்த டாங்கி நின்றது.

காட்டுப் பச்சை பூசி, அடியில் சிவப்பு மண் அப்பி, தட்டையான முதுகோடு, குட்டைக் குழலைத் தூக்கிக்கொண்டு நின்றது.  அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் சொன்னது பொய் என்பது, அதற்கப்புறம் தினமும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து உப்பை நகர்த்து என்று கேட்டுச் சாப்பிட்டபோதும் தெரிந்திருக்கிறது.

துணியைத் தட்டிவிட்டு நகர வேண்டும். கை துணி வரைக்கும் போனது. அதற்குள் நெவ், "அடடா, இங்க பாருங்கய்யா" என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அந்த "அடடா"வைத் தன் மாடல் எதற்கும் அவர் சொல்லி லியோனி கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டாள்.

"இது எந்த நாட்டுது?" என்றார் ஹென்க்.

"நம்மளது. பாரு, ரயில்வே பட்டறை நம்பர் போட்டிருக்கான்." நெவ் சிரித்தார். "நான் நம்பிட்டேன்ப்பா. எங்க தாத்தா பண்ணியிருப்பாரு இதை."

"இடதுபக்கம் ஒரு சக்கரக் கூட்டம் வேற ரகம்" என்றாள் லியோனி. டார்ச்சை அதன்மேல் நிறுத்தினாள். "அஞ்சு ஒரே மாதிரி, ஒண்ணு வேற. இது தப்பு."

ஹென்க் குனிந்து பார்த்தார். "தப்புன்னு எப்படிச் சொல்றது, லியோனி? பட்டறையில எது கிடைச்சுதோ அதை மாட்டியிருப்பாங்க. எங்க வீட்டு டிராக்டருக்கு நானே அப்படித்தான் பண்ணினேன்."

"ஃபோட்டோ இல்லாம அப்படிச் சொல்லிட முடியாது."

"இதுக்கு ஏதும்மா ஃபோட்டோ?" என்றார் நெவ். "இதே கேள்விய அந்த ஜெர்மன்காரன் வண்டியையும் கேளு. மூணு பீரங்கி இருக்கு அதுல. கல்யாண மேளம் மாதிரி."

பக்கத்து எண்ணில் இருந்தது அது. இருபது சக்கரம், மூன்று பீரங்கி, உடம்பெல்லாம் புள்ளிப் புள்ளியாக மூன்று நிறச் சாயம். சாயம் அற்புதமாக இருந்தது. முதல் பாலத்திலேயே உடைந்து விழும் வண்டி என்று அவள் ஒரு பார்வையில் சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. அவள் கண் நாற்பத்தொன்றை விட்டு நகரவில்லை.

"தலை அகலம் பொருந்தல" என்றாள்.

"எனக்குப் பொருந்துது" என்றார் ஹென்க். "பீரங்கி எவ்வளவு கச்சிதமா நிக்குது பாருங்க. தொங்கல, சாயல. உள்ள பித்தளைக் குழாய் போட்டு உட்கார வச்சிருக்கான். நல்ல வேலைக்காரன்."

நல்ல வேலைக்காரன். அந்தச் சொல்தான் அவளைத் தள்ளியது.

"பித்தளையாவது, குழாயாவது. பிரெட் கவர் கிளிப்பு. நீலக் கலர். பாதி நறுக்கி உள்ள ஒட்டியிருக்கான்."

நெவ் டார்ச்சை அணைத்தார். தலையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். மேல் மூடி, பக்கவாட்டு மூடி, குழல் வெளியே வரும் இடம். எல்லாம் ஒட்டி, புட்டி போட்டு, சாயமும் பூசியிருந்தது. ஒரு தலைமயிர் நுழைய வழி இல்லை.

"லியோனி" என்றார் மெதுவாக. "இது மூடி ஒட்டியிருக்கு. நீ எப்படிப் பாத்த?"

வெளியே வெங்காயம் சுண்டுகிற சத்தம் கேட்டது. ஹென்க் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோடது?" என்றார் நெவ்.

"என் தம்பியோடது."

"போன வருஷம் என் மருமகன் படகு மேல மூச்சு விடக்கூட நீ விடல என்னை." நெவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாங்க தூக்கிப் பேசறோம், நீ அமுக்கிப் பேசற. தம்பின்னா தூக்கிப் பேசுவாங்க, அதைப் பாத்திருக்கேன். இது எனக்குப் புதுசு."

"நான் போறேன்."

"போ. காலையில நீ பாத்த டாங்கி மேஜையையும் யாராவது ஒரு தடவை மறுபடி பாக்கணும். பாக்கலன்னா நாளைக்கு யாராவது கேப்பாங்க. தப்பா நினைச்சுக்காத."

டார்ச்சையும் கண்ணாடியையும் வெள்ளைத் துணியில் வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். தப்பு கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று அந்த ஹாலுக்குள் சம்பாதித்த பேரை அந்தத் துணியிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

டேரில் கூரையடியில் நின்று, பிரெட்டில் சுருட்டிய சாசேஜைத் தின்றுகொண்டு, அடுப்புக்காரர்கள் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தனியே வந்தான்.

"தின்றியா? சாஸ் வேணாம்னு சொல்லிட்டேன், உனக்குப் பிடிக்காது."

"உன் டாங்கிக்கு நான் நடுவரா நின்னேன்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"நகந்திருக்கணும். நகரல. மார்க்கைக் குறைக்கப் பாத்தேன். கிளிப்பு பத்திச் சொல்லி மாட்டிக்கிட்டேன். வெளிய அனுப்பிட்டாங்க."

"கிளிப்பு பத்தியா சொன்ன?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பிறகு அடக்க வேண்டியிருக்கவில்லை, தானாகவே போய்விட்டது. "ஏன் லீ?"

"தெரியல."

"தெரியும் உனக்கு. பேரு கொடுக்கறது முடிஞ்சுடுச்சுன்னு சொன்னியே, பேக்கரிக் கண்ணாடில கடைசித் தேதியை இத்தனை பெருசா ஒட்டி வச்சிருக்கான். பை வாங்கப் போறவன் எவனும் படிப்பான். உன்கிட்ட வந்து சண்டை போடலாம்னு நினைச்சேன். அப்புறம் நினைச்சேன், அங்க போய் மேஜையில வச்சா இவ பாத்துத்தான ஆகணும். வீட்டுல ஒரு தடவை நேருக்கு நேரா பாத்தியா அதை? நான் இல்லாதப்ப பாப்ப. நான் வந்தா மூஞ்சியைத் திருப்பிக்குவ. நாய்கூட அப்படிப் பண்ணாது."

"உனக்கு எல்லாம் சும்மா வருது, டேரில்."

"சும்மாவா? முட்டி ரெண்டும் போச்சு, பொண்டாட்டி போனா, ஐம்பத்து நாலு வயசுல அக்கா வீட்டு உள்ளறையில படுத்திருக்கேன். எது சும்மா வந்துச்சு? வாழ்க்கையில முழுசா முடிச்சது அந்த ஒரு டாங்கிதான்."

  சாசேஜில் பாதியை அவன் பிய்த்துக் கொடுத்தான். அவள் வாங்கித் தின்றாள்.

கதவைத் திறந்தபோது மூன்று பீரங்கி வண்டியின் மேல் நீல ரிப்பன் இருந்தது. நாற்பத்தொன்றில் சிவப்பு, இரண்டாம் இடம்.

லியோனிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ரிப்பனைப் பார்த்த அந்தக் கணத்தில் அதற்காக உள்ளே தேடினாள், கிடைக்கவில்லை. நெவும் ஹென்கும் டாங்கி தெரியாத ஆட்கள். பிடித்திருந்தது என்று சொல்வார்கள், ஏன் சரியென்று சொல்லத் தெரியாது. இரண்டு பேர் குழம்பி நின்றால் சாயம்தான் ஜெயிக்கும். வளையம் எதற்கு, மூலைப் போல்ட்டு ஏன் உள்ளே தள்ளி இருக்கிறது, இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவள் அந்த ஹாலில் ஒருத்திதான். துணியைத் தட்டிவிட்டு நகர்ந்திருந்தால் தன் இடத்துக்கு ஓரளவாவது டாங்கி தெரிந்த வேறொருவரைக் கூப்பிட்டு விட்டிருக்கலாம், இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லும் தகுதியாவது அவளுக்கு இருந்திருக்கும். இப்போது நெவிடம் போய், நீங்கள் பார்த்தது தப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. அவன் ஜெயிக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் அந்த மேளத்திடமா தோற்க வேண்டும்?

டேரில் ரிப்பனைத் தொட்டுப் பார்த்தான். "சிவப்பு நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பாமல், "சரி, நடுவர் வேலைதான் போச்சே. இப்ப சொல்லு" என்றான்.

"என்ன சொல்றது?"

"எது சரி, எது தப்புன்னு."

அவள் குனிந்தாள். டார்ச் இல்லை, கண்ணாடி இல்லை. முன்னாலிருந்து ஆரம்பித்துப் பின்னால் வரைக்கும் போனாள், மறுபக்கம் சுற்றி வந்தாள். பின்னால் நின்ற ஒரு குடும்பம் வழிவிடுமா என்று காத்துப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டது.

"டிரைவர் மூடி திறந்தா பீரங்கி இடிக்கும். குழல் நேரா இருக்கறப்ப அவன் வெளிய வர முடியாது."

"ம்."

"சங்கிலிப் பட்டை வலதுபக்கம் ரொம்ப இறுக்கமா இருக்கு. புட்டி ஒரு இடத்துல தேய்க்காம விட்டிருக்க. பின்னால விளக்கு இல்ல."

"ம்."

"சக்கரக் கூட்டம் தப்பில்ல. அது வேணும்னே நான் கொடுத்தது."

"தெரியும்."

நிமிர்ந்தாள். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.  அதைச் சொல்லாவிட்டால் அன்றைக்கு அவளால் அந்த ஹாலை விட்டு நகர முடியாது.

"ஓடியிருக்கும்" என்றாள். "இதைக் கட்டியிருந்தா, ஓடியிருக்கும். பட்டறைக்காரனும் இதைத் திட்டாம ரிப்பேர் பண்ணியிருப்பான்."

டேரில் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தலையை இரண்டு தடவை ஆட்டினான். அவன் வாயடைத்து நின்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அது நீண்ட நேரம் நிற்கவில்லை. மழைக்கோட்டோடு வந்த ஒரு கிழவர், "இது நெஜமாவே இருந்துதா?" என்று கேட்டார். டேரிலுக்கு உடனே உயிர் வந்துவிட்டது. நாற்பத்தைந்தில் சண்டை முடியவில்லை என்று ஆரம்பித்தான். அவருக்குப் பின்னால் நான்கு பேர் சேர்ந்தார்கள். பட்டறைக்காரர்களுக்குப் பேர் வைத்தான், ஃபோர்மனுக்கு ஒரு வாத நோய் வைத்தான், ஜனங்கள் சிரித்தார்கள். ஹென்கும் பிஸ்கட்டோடு வந்து நின்றுகொண்டார். கூட்டம் முழுக்க அவன் பக்கம் சாய்ந்திருந்தது. லியோனிக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய சூடு மறுபடி ஏறியது, கொஞ்சமும் குறையாமல்.

"பதினேழு பவுண்டர் பீரங்கிய எடுத்து" என்றான் டேரில், "குட்டையா வெட்டி..."

"இருபத்தஞ்சு பவுண்டர்" என்றாள் லியோனி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குண்டோட எடை பதினேழு பவுண்டு இல்ல. இருபத்தஞ்சு. அதை வெட்ட வேண்டாம், குட்டையாவே அந்தக் காலத்துல பண்ணினாங்க, காட்டுச் சண்டைக்குன்னு." இரண்டு பேருக்கு நடுவில் தோளை நுழைத்து முன்னால் வந்தாள். "நீ பேரை மாத்தி மாத்திச் சொன்னா யாரு நம்புவா? நகரு. நான் சொல்றேன்."

"சொல்லு" என்றான் டேரில், கொஞ்சம் மட்டும் நகர்ந்து.